எண்ணிடாத தாள்

7 மார்ச் 1988, திங்கள்

நாடாளுமன்றக் குழுவிடமிருந்து வினாப்பட்டியல் வந்தது. முப்பத்தொரு வினாக்கள். சட்ட ஆலோசகர் என்ற முறையில் பதினான்காவதற்கு விடை வரையும் பொறுப்பு எனக்கு ஒதுக்கப்பட்டது. வினா இது: "கேவடா நதிக்கரை உர ஆலையை ஐந்தாண்டுத் திட்டத்தில் சேர்த்ததில் அமைச்சகத்தின் பங்கு யாது? நதியின் நீர்வரத்துப் பற்றி அதிகாரிகள் எவரேனும் மாறான கருத்துத் தெரிவித்தனரா?"

சென்ற ஆண்டு ஆலை ஓடத் தொடங்கிய மூன்றாம் மாதம் நதி மணலாகிவிட்டது. ஆலைக்குக் கீழே உள்ள ஊர்களுக்கு இன்றும் லாரியில் தண்ணீர் போகிறது. வினா எழுந்த காரணம் அதுவே.

இணைச் செயலாளர் நஞ்சப்பன் அழைத்தார். கோயம்புத்தூர்க்காரர். டெல்லியில் இருபது ஆண்டுகள் இருந்தும் பேச்சு மாறாதவர். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

"வாங்க வக்கீலய்யா. பதினாலு உங்க தலையில விழுந்திருச்சுங்களா?"

"விழுந்திடுச்சு சார்."

"பயந்துக்காதீங்க. நாம என்ன தப்புப் பண்ணிப்போட்டோம்? மாநிலம் விவரம் குடுத்துச்சு, நாம சேர்த்துக் கட்டி மேல அனுப்பினோம். திட்டத்துல போட்டது மேல இருக்கறவங்க. நம்ம வேலை தபால்காரர் வேலைங்க."

"தபால்காரர் கடுதாசியைப் படிக்க மாட்டார் சார். நாம படிச்சோம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இதை மட்டும் அங்க எழுதிப்போடாதீங்க."

மாலைக்குள் வரைவு முடிந்தது. "மாநிலம் அளித்த விவரங்களைத் தொகுத்துத் திட்டம் வகுப்போருக்கு அனுப்பியதே அமைச்சகத்தின் பங்கு. கோப்பின் குறிப்புத்தாள்களில் மாறான கருத்து எதுவும் பதிவாகவில்லை." இரண்டு வாக்கியங்களிலும் பொய் இல்லை. நான்கு முறை படித்துச் சரிபார்த்தேன்.

வீட்டில் பின்கட்டுக் குழாய் ஒழுகுகிறது. குடியிருப்பு அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன்.

9 மார்ச், புதன்

கேவடா கோப்பு பதிவறையிலிருந்து வந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதை மறுபடி தொடுகிறேன்.

எங்கள் அலுவலக வழக்கம் ஒன்றை இங்கே குறித்துவைக்கிறேன். கோப்பின் குறிப்புத்தாளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் உண்டு. அதில் எழுதிக் கையொப்பமிட்டது நிரந்தரம். மந்திரியே ஆனாலும் கிழிக்க முடியாது. ஆனால், சொல்ல வேண்டும், சொன்னதாக இருக்கக் கூடாது என்று நினைக்கும் அதிகாரி, எண் இடாத ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பக்கத்தோடு குண்டூசியால் குத்தி அனுப்புவார். படித்தவர் பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். கோப்பு மூடுமுன் ஊசியும் தாளும் போய்விடும். எந்த விதியிலும் இல்லாத இந்த முறையைச் செயலாளர் முதல் எழுத்தர் வரை எல்லோரும் கையாள்கிறார்கள்.

நாற்பத்தேழாம் பக்கத்தின் இடது மூலையில் இரண்டு துளைகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றித் துருவின் நிறம். அங்கே ஏதோ ஒன்று குத்தப்பட்டிருந்தது என்பதற்கு அவை சான்று. எது குத்தப்பட்டிருந்தது என்பதற்கு அவை சான்று ஆகா.

அதே பக்கத்தின் கீழே என் கையெழுத்தில்: "சட்ட நோக்கில் ஆட்சேபணை இல்லை. 18-1-84."

10 மார்ச், வியாழன்

வரைவு ஒப்புதலாகி வந்தது. ஒரு சொல்லும் மாற்றப்படவில்லை.

16 மார்ச், புதன்

ஹெப்சிபாவுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போயிருக்கிறது. நீர்வரத்து அட்டவணையில் கையொப்பம் அவருடையது. ஒரே ஒரு நல்ல மழை ஆண்டின் அளவைச் சராசரி என்று காட்டிக் குழுவையும் அரசையும் தவறான வழியில் செலுத்தினார் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போகும்.

ஹெப்சிபா புள்ளிவிவரப் பிரிவில் ஆராய்ச்சி அலுவலர். திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்தில் பிறந்தவர். கணவர் இல்லை. பாளையங்கோட்டையில் மகளை விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்கிறார். எனக்கும் ஊர் திருநெல்வேலிதான் என்பதால் பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் இரண்டு வீடுகளுக்கும் பலகாரம் போய்வரும். நான்கு ஆண்டுகளாகப் போவதில்லை.

மதியம் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். நின்றபடியே பேசினார்.

"அந்த அட்டவணையில மாநிலம் குடுத்த நம்பரத்தான் போடணும்னு நஞ்சப்பன் சார் சொன்னாங்க. போட்டேன். போட்டுட்டு, இது தப்புன்னு தனியா எழுதியும் வச்சேன். உங்களுக்குத் தெரியும்லா சார்?"

"நீங்க எழுதினது கோப்புல இல்லையே அம்மா."

"கோப்புல இல்லன்னு எனக்குத் தெரியாதா? குறிப்புத்தாள்ல எழுதட்டுமான்னு உங்ககிட்டதான கேட்டேன். மொதல்ல தனித்தாள்ல எழுதிக் குடுங்க, பாத்துட்டுச் சொல்லுதேன்னு நீங்கதான சொன்னிய."

சொன்னேன். அவருடைய நலன் கருதியே சொன்னேன். அப்போது இயக்குநராக இருந்த நஞ்சப்பன் அந்த ஆலைக்காக இரவு பகலாக உழைத்துக்கொண்டிருந்தார். மாறாக எழுதுகிறவரை அவர் எங்கே மாற்றுவார் என்று எவருக்கும் தெரியாது.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யவேண்டாம். அப்படி ஒரு தாள பாத்தேன்னு மட்டும் சொன்னாப் போதும்."

"சான்று இல்லாம..."

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நீங்க பதிலே சொல்லல. அதுவே பதில்னு எடுத்துக்கிட்டேன். இன்னைக்கும் அப்படியே எடுத்துக்கிடுதேன் சார்" என்று சொல்லிப் போய்விட்டார்.

எந்தக் கேள்விக்கான பதிலைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தத் தாளில் கேள்வி ஏதும் இல்லை.

21 மார்ச், திங்கள்

சில்லறை வேலைகள் நிறைந்த நாள். இரண்டு ஒப்பந்தங்கள், ஒரு மேல்முறையீடு. குழுவுக்கு அனுப்பவேண்டிய பழைய கோப்புகளில் நைந்த பக்கங்களைப் புதிதாகத் தட்டச்சிட்டு, உண்மை நகல் எனச் சான்றளித்து வைப்பது பற்றிய சுற்றறிக்கை வந்தது. "பார்த்தேன்" என எழுதிச் சுருக்கொப்பமிட்டேன். பின்னிணைப்பு நீளமாக இருந்தது.

குழாய்க்காரர் வரவில்லை. நினைவூட்டல் எழுதினேன்.

27 மார்ச், ஞாயிறு

என் மனைவி பிரமு காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஹெப்சிபா அக்காவ வேலைய விட்டுத் தூக்கப் போறாகளாமே. காய்கறிக் கடையில எல்லாம் பேசுதாக. உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"விசாரணை நடக்குது. அவ்வளவுதான்."

"நீங்க வக்கீலுதான? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"எது சொன்னாலும் ஆதாரம் வேணும் பிரமு."

"அந்த அக்கா உங்களுக்கு டைபாய்டு வந்தப்ப பத்து நாள் கஞ்சி கொண்டாந்துச்சே, அதுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கிய?" என்று கேட்டுவிட்டு முருங்கைக்காய் நறுக்கப் போனாள்.

அவள் கோயிலுக்குப் போன பிறகு அலமாரியைத் திறந்து சாட்சியச் சட்ட விளக்கவுரையின் இரண்டாம் தொகுதியை எடுத்தேன். இது என் நாட்குறிப்பு. வேறு எவரும் படிக்கப் போவதில்லை. ஆகவே எழுதலாம். தாள் அங்கே இருக்கிறது.

முன்பக்கத்தில் ஆங்கிலத்தில், மையால், நேரான கோடுகளாக: பத்து ஆண்டுகளின் நீர்வரத்து. அவற்றில் நான்கு ஆண்டுகளில் கோடையில் ஆலைக்கும் ஊர்களுக்கும் சேர்த்துத் தண்ணீர் போதாது. ஆலையை நாற்பது கிலோமீட்டர் கீழே, நதி பெருநதியோடு சேரும் இடத்துக்குக் கொண்டுபோகலாம். செலவு கூடும், ஊர்கள் பிழைக்கும். பின்பக்கத்தில் தமிழில் பென்சிலால் வரிசையாக ஊர்ப் பெயர்கள். அவருடைய கணக்கு வேலையாக இருக்கும். கோப்பின் மொழியில் இல்லாதது குறிப்பாகாது என்று அப்போதே தீர்மானித்து, மேலே இரண்டு மூன்று பெயர்களைப் பார்த்ததோடு தாளைத் திருப்பிவைத்தேன். இன்றும் திருப்பவில்லை.

நான் தாளை அழிக்கவில்லை. அழிப்பது குற்றம், எடுத்துவைப்பது பாதுகாப்பு. அன்று மாலை ஐந்து மணிக்குக் கோப்பு மேலே போயாக வேண்டியிருந்தது. தாளோடு அனுப்பினால் என் ஒரு வரி ஒப்புதல் அர்த்தமற்றதாகும். தாளைப் பற்றி எழுதினால் ஆலை ஓராண்டு தள்ளிப்போகும். ஊசியை எடுத்தேன்.

மறுமாதம் கூடுதல் சட்ட ஆலோசகர் பதவியும் இந்த வீடும் கிடைத்தன. இரண்டும் மூப்பின்படியே கிடைத்தன.

4 ஏப்ரல், திங்கள்

முடிவு செய்துவிட்டேன். துளைகள் இருக்கின்றன, தாளிலும் இரண்டு துளைகள் இருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பொருந்தும். துரு கூடப் பொருந்தும். எந்த நீதிமன்றமும் ஏற்கும் சான்று அது. பத்தொன்பதாம் தேதி குழு ஹெப்சிபாவை விசாரிக்கிறது. அதற்கு முன் தாளைக் கோப்போடு சேர்த்து ஒரு குறிப்பு எழுதிவிடலாம். அவசரம் இல்லை. சொற்களை எடைபோட்டு எழுதவேண்டும்.

தண்ணீர் ஊற்றி ஓட்டும் காற்றுக் கூலரைத் துடைத்து வைக்கோல் தட்டி மாற்றினேன். வெயில் ஏறிவிட்டது.

11 ஏப்ரல், திங்கள்

குறிப்பின் ஆறாவது வரைவு. "என்னால் அகற்றப்பட்டது" என்பதற்கும் "என் வசம் இருந்தது" என்பதற்கும் இடையே முடிவு காண இயலவில்லை.

நஞ்சப்பன் நடைக்கூடத்தில் தோளைத் தொட்டு நிறுத்தினார். "என்னங்க வக்கீலய்யா, ஒரு வாரமா முகமே சரியில்லீங்களே?"

"ஹெப்சிபா விஷயம் சார். அந்தம்மா அன்னைக்கே சொன்னாங்க."

அவர் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் அழைத்துப்போனார். "அந்தம்மாவை வேலைய விட்டுத் தூக்கோணும்னு நானும் சொல்லலீங்க. ஒண்ணு கேக்கறேன். உரம் இல்லாமப் போயிருந்தா நாட்டுக்குச் சோறு எங்கிருந்து வந்திருக்கும்? கப்பல்ல வர்ற கோதுமைக்கு வரிசையில நின்ன நாளெல்லாம் நான் பாத்திருக்கறனுங்க. ஒரு நதிக்காக நிறுத்த முடியுமா? கேள்வி கணக்கு மேல வந்தது, கணக்குக்கு ஒருத்தர் பொறுப்பாகோணும். அவ்வளவுதான்."

"தப்புன்னு எழுதினவங்களே பொறுப்பாகணுமா சார்?"

"எழுதினாங்கன்னு எங்க இருக்குது?"

அவர் அதை மிரட்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டார். தாள் போனது எங்கே என்று அவருக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகளாக அவர்தான் கிழித்திருப்பார் என்று ஹெப்சிபா நினைத்திருக்கக்கூடும். நானும் ஹெப்சிபாவை அப்படி நினைக்கவிட்டேன்.

18 ஏப்ரல், திங்கள்

காலை பத்து மணிக்குக் கோப்பைக் கேட்டு வாங்கினேன். குறிப்பு சட்டைப்பையில் இருந்தது, பதினோராவது வரைவு. நாற்பத்தேழாம் பக்கத்தைப் புரட்டினேன்.

தாள் வெண்மையாக இருந்தது. புதுத் தட்டச்சு. "சட்ட நோக்கில் ஆட்சேபணை இல்லை" என்பதும் தட்டச்சில் இருந்தது. கீழே "உண்மை நகல்" என்ற முத்திரை. துளைகள் இல்லை.

பிரிவு அலுவலரைக் கூப்பிட்டேன். அசல் எங்கே என்று கேட்டேன்.

"நைந்துபோன பக்கங்களை மாற்றிவிட்டு, பட்டியல்படி அழித்துவிட்டோம் ஐயா. பட்டியலைத் தாங்களும் பார்த்திருக்கிறீர்கள்" என்று இந்தியில் பணிவாகச் சொல்லி, சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். மார்ச் இருபத்தொன்று. பின்னிணைப்பில் பதினேழாவது வரி: கேவடா, பக்கங்கள் 41 முதல் 52 வரை. அதன் கீழே, "பார்த்தேன்". என் சுருக்கொப்பம்.

பின்னிணைப்பு நீளமாக இருந்தது என்று அன்று எழுதியிருக்கிறேன். பதினேழாவது வரியை நான் படித்தேனா என்பதை நினைவுகூர முயன்றேன். படிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல என்னால் இயலவில்லை.

ஆக, கையில் இருப்பது எண் இல்லாத, தேதி இல்லாத ஒரு தாள். அதோடு என் வாய்ச்சொல். எதிர்த்தரப்பில் நான் இருந்திருந்தால் இந்தச் சான்றை ஐந்து நிமிடத்தில் உடைத்திருப்பேன்.

மாலையில் பிரமுவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அந்தத் தாளு நம்ம வீட்டுலயா இருந்துச்சு? நாலு வருசமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுந்து போய்ப் பின்கட்டுக் குழாய்க்கடியில் நிறைந்திருந்த வாளியை எடுத்துக் கூலரில் ஊற்றினாள்.

19 ஏப்ரல், செவ்வாய்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பதினொரு மணிக்குக் குழு கூடியது. பதினான்கு உறுப்பினர்கள். தலைவர் முதியவர், விவசாயி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அமைச்சகத்தின் சார்பில் நஞ்சப்பன், நான், இன்னும் இருவர். எதிரே தனி நாற்காலியில் ஹெப்சிபா.

தவறென்று தெரிந்தும் ஏன் கையொப்பமிட்டீர்கள் என்று தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார். ஹெப்சிபா சொன்னார்: ஆணைப்படி இட்டேன்; தவறு என்று ஒரு தாளில் எழுதி வைத்தேன்; அது கோப்பில் இல்லை. யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஹெப்சிபா ஒருமுறைகூட என் பக்கம் பார்க்கவில்லை. "நிரூபிக்க முடியாத ஒன்றில் இன்னொருவர் பெயரைச் சொல்ல விரும்பவில்லை" என்றார்.

நான் எழுந்தேன். நஞ்சப்பன் என் முழங்கையைப் பிடித்தார். "உக்காருங்கய்யா" என்றார் தாழ்ந்த குரலில். நான் உட்காரவில்லை.

என்னிடம் கொடுத்தார் என்றேன். என்னால் அகற்றப்பட்டது என்றேன். வரைவுகளில் இருந்த சொற்கள் எவையும் வாயில் வரவில்லை. தாளை மேசையில் வைத்தேன்.

தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முன்பக்கத்தைப் படித்தார். பிறகு நான் எதிர்பார்த்ததையே கேட்டார். இதில் எண் இல்லை, தேதி இல்லை. நீங்கள் இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். இதை நேற்று எழுதியிருக்கலாம் அல்லவா?

எழுதியிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். என் சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை என்றேன்.

அவர் தாளைத் திருப்பினார். "பின்னால் உங்கள் மொழியில் ஏதோ இருக்கிறதே. படித்து மொழிபெயருங்கள்."

தாள் என் கைக்கு வந்தது. பென்சில் எழுத்து மங்கியிருந்தது. பிப்லியா, கிணறு 14. நீம்கேடி, கிணறு 9. சோட்டா கேவடா, கிணறு 6. பட்கேடா. ராய்சரி. ஒவ்வொன்றாக உரக்க வாசித்தேன். பதினொரு ஊர்கள். இப்போது லாரியில் தண்ணீர் போகும் ஊர்கள் எவை என்று எனக்குத் தெரியும். வினாப்பட்டியலின் இணைப்பில் இருந்தன. வரிசைகூட மாறவில்லை.

பட்டியலுக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஐந்து வரிகள். அவற்றை முதன்முறையாக இன்று, பதினான்கு பேர் முன்னிலையில், ஆங்கிலத்தில் படித்தேன். தமிழில் இருந்தபடி இங்கே எழுதுகிறேன்:

"அம்பலவாணன் சாருக்கு. இந்தக் கோடை இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு கோடையில் இந்த ஊர்கள் வற்றும். இதைக் குறிப்புத்தாளில் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் 'எழுதுங்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். கோப்பு மேலே போகும் வரை என் இடத்திலேயே காத்திருப்பேன். ஹெப்சிபா, 18-1-84, மதியம் 2.10."

படித்து முடித்த பிறகும் தாளைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

தலைவர் கேட்டார்: "இவர் காத்திருந்தார். நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை."

"ஏன்?"

"இதை நான் படிக்கவில்லை."

அது பதிவு செய்யப்பட்டது. தட்டச்சர் விசையைத் தட்டும் ஓசை கேட்டது. தாளுக்கு எண் இடச் சொன்னார் தலைவர். ஹெப்சிபா மீதான குறிப்பாணையை நிறுத்திவைக்கும்படியும், என்னைத் தனியே விசாரிக்கும்படியும் ஆணையிட்டார். நஞ்சப்பன் தம் காகிதங்களை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

வெளியே நடைக்கூடத்தில் ஹெப்சிபா தண்ணீர்க் கூஜா அருகே நின்றிருந்தார். நான் போய் நின்றேன்.

"நீங்க படிச்சிட்டுத்தான் பேசாம இருக்கியன்னு நெனச்சேன் சார்" என்றார். "சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். வாட்ச்மேன் வந்து வெளக்க அணைச்சாரு. வேண்டாம்னு சொல்லுதாங்க, அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுதுன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். நெசமாவே படிக்கலையா?"

"வெறும் ஊர்ப் பேருன்னு நெனச்சு விட்டுட்டேன் அம்மா."

அவர் டம்ளரைக் கவிழ்த்துவைத்தார்.

"ஊர்ப் பேருதான் சார்" என்றார்.

20 ஏப்ரல், புதன்

குழாய்க்காரர் வந்தார். பழுது பார்த்து முடித்ததாக ஒரு படிவத்தில் கையொப்பம் கேட்டார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டேன். அதில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.